விளக்கு பற்றி அபேட்சகரின் அபிப்பிராயம்

அன்றைக்கு மத்தியானம் நான் லாந்தரின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மாரியப்பன் வாசலில் குந்திக்கொண்டு, துடுப்பின் பிடியில் பழந்துணியைச் சுற்றிக் கட்டினார்.

"இன்னாமே, அத்தப் போயி இந்தத் தேய் தேய்க்கிற?" என்றார். "இன்னிக்கிப் பொயுது சாஞ்சா கம்பத்துல வெளக்கு எரியப் போவுது. லாந்தர் எதுக்கு?"

"யாரு சொன்னா?"

"அண்ணாச்சி சொன்னாரே. எட்டாந் தேதி பொயுது சாஞ்சா இந்தக் குப்பத்துல இருட்டே இருக்காதுன்னாரு. இன்னிக்கி எட்டுதானே?"

"அது கூட்டத்துல சொன்னதுய்யா."

"கூட்டத்துல சொன்னா இன்னா? ஒருத்தன்கிட்ட சொன்னா அப்பால மாத்திப் பேசலாம். அத்தினி பேரு எதிர்ல சொல்ட்டு மாத்திப் பேச முடியுமா?"

கண்ணாடியை வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அவர் கஞ்சி குடித்தார். மிச்சக் கருவாட்டைப் பூனைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னார். தம் தம்பி ரகுபதியைக் கூப்பிட்டுக்கொண்டு கடலில் இறங்கினார்.

ராயபுரத்துக்கு வடக்கே, திருவொற்றியூர் போகிற வழியில், கடலை ஒட்டி இருந்தது எங்கள் கல்மேட்டுக் குப்பம். துறைமுகம் வந்த பிறகு கடல் வடக்குக் கரையைத் தின்னத் தொடங்கியது. இரண்டு தெருவும் ஒரு கோயிலும் போன பிறகு நகரசபை விழித்துக்கொண்டு லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கரையில் கொட்டியது. கரை நின்றுவிட்டது. ஆனால் கட்டுமரம் ஏற இடமில்லாமல் போயிற்று. பாறைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மணல் விட்டிருந்தார்கள். அதை நாங்கள் மணல்வாய் என்போம். மணல்வாய்க்கு நேராகத் தெருக்கோடியில் ஒரு விளக்குக் கம்பம். கடலிலிருந்து வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நேராகத் துடுப்புப் போட்டால் மணலில் ஏறுவார்கள். தள்ளிப் போட்டால் பாறையில் ஏறுவார்கள். கம்பத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில், பாறைகள் குன்று போலக் குவிந்து கிடந்தன. குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கல்மேடு அதுதான்.

அந்த வருஷம் ஆடியில் கம்பத்து பல்பு போயிற்று. ஆண்கள் மத்தியானம் இறங்கி இருட்டிய பிறகு கரையேறுகிற மாதங்கள் அவை. அதனால் பெண்கள் முறை வைத்துக்கொண்டு லாந்தரோடு மணல்வாயில் நின்றோம். மழைக்காலம் நெருங்கியது. கூடவே நகரசபைத் தேர்தலும் நெருங்கியது.

எங்கள் வட்டத்தில் இரண்டு அபேட்சகர்கள். ஒருவர் ராமசுப்பு அண்ணாச்சி. தெற்கத்திக்காரர், மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. இன்னொருவர் மரக்கடை அருள்பிரகாசம். அண்ணாச்சியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு எல்லார் வீட்டுக்கும் வற்றல் அனுப்புவார். யார் வந்து எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்பார். கேட்டுவிட்டு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்வார். அதற்காகவே ஓர் அபிப்பிராயக் கமிட்டி போட்டிருந்தார். வற்றல் கிடங்கின் பின்புறம், மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டுக் கமிட்டி கூடும். உள்ளே போகிற யாருக்கும் நெடி ஏறிக் கண்ணில் நீர் கொட்டும். காரியதரிசி குணசேகரன் அதைப் பார்த்து, 'பொதுமக்கள் கண்ணீர் மல்க முறையிட்டனர்' என்று குறித்துக்கொள்வார்.

நானும் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவும் போனோம். போனதுமே அழ ஆரம்பித்துவிட்டோம்.

"அழாதியத்தா," என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணும் சிவந்திருந்தது. "என்ன குறைன்னு சொல்லுங்க."

"கடலாண்ட கம்பத்துல வெளக்கு எரியல அண்ணாச்சி," என்றேன். "ஆம்பளைங்க தடவிக்கினு கரைக்கு வர்றாங்க."

அண்ணாச்சி குணசேகரனைப் பார்த்தார். "வெளக்குல நமக்கு என்னய்யா அபிப்பிராயம்?"

"இன்னும் முடிவாகவில்லை ஐயா. சாக்கடை வரைக்கும்தான் வந்திருக்கிறோம்."

சாக்கடை பற்றி முடிவாகியிருந்த அபிப்பிராயத்தை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். சாக்கடை தடையின்றி ஓட வேண்டும், ஆனால் எவர் வீட்டு வாசலிலும் ஓடக் கூடாது. குழாயை அபேட்சகர் மனப்பூர்வமாக ஆதரிக்கிறார், தண்ணீர் வேறு இலாகாவைச் சேர்ந்தது. ஆலைப் புகை தொழில் வளத்தின் அடையாளம், அதே சமயம் தொழிலாளியின் மூக்கும் மதிக்கப்பட வேண்டும். கடல் அரிப்பை அபேட்சகர் வன்மையாகக் கண்டிக்கிறார்.

குப்பம்மாவுக்குப் பொறுமை கிடையாது. "இத்தெல்லாம் எதுக்கு நைனா? ஒரு பல்பு மாட்டினாப் போதும்."

குணசேகரன் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். "அம்மா, பல்பை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அபிப்பிராயம் இல்லாமல் மாட்டிய பல்பு வெறும் பல்பு."

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. குப்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான்தான். மாதா கோயில் பள்ளியில் சிலுவையம்மாள் டீச்சரிடம் ஐந்தாவது வரை படித்தவள். எல்லாரும் கூட, நான் நின்று வாசித்தேன். 'விளக்கு விஷயத்தில் நமது அபேட்சகர் இருட்டை எதிர்க்கிறார். வெளிச்சத்தை ஆதரிக்கிறார். ஆயினும் இருட்டில் வாழ்ந்து பழகிய மக்களின் வழக்கங்களில் தலையிட மாட்டார்.'

"ஆதரிக்கிறாருன்னா மாட்டுவாருன்னுதானே அர்த்தம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டீச்சர் எனக்கு வாசிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அர்த்தம் சொல்கிற வகுப்புக்கு முன்பே என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நோட்டீஸினாலோ வேறு எதனாலோ, ஒரு நாள் காலையில் நகரசபை வயர்மேன் ஹுமாயூன் பாய் ஏணியோடு வந்தார். குப்பமே சுற்றி நின்று பார்த்தது. அவர் பல்பை மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறி, பழையதைக் கழற்றினார். புதியதை மாட்டக் கை நீட்டுகிற நேரத்தில் ஒரு சேவகர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"பாய், எறங்கு. மாட்டக் கூடாதுன்னு ஆர்டர்."

"இன்னா ஆர்டரு? இன்னும் ரெண்டு திருகு திருகினா முடிஞ்சிச்சு."

"திருகக் கூடாது. எலெக்‌ஷன் சின்னம் ஒதுக்கிட்டாங்க. ராமசுப்புக்கு விளக்கு. இப்ப நகரசபை விளக்கு ஏத்தினா அவருக்குப் பிரசாரம் பண்ணினதா ஆவும்."

ஹுமாயூன் பாய் ஏணி மேலேயே கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தாண்ட கட்சிக்கு இன்னா சின்னம்?"

"குடை."

"அல்லாவே," என்று சொல்லிவிட்டு இறங்கினார். பல்பை மறுபடி மடியில் கட்டிக்கொண்டார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "பேஜாரு பண்றானுங்க மாமு. எலெக்‌ஷன் முடியட்டும், நானே வந்து மாட்றேன்," என்றார். நல்ல மனிதர். அவர் பேரில் குறையில்லை.

இரண்டு நாள் கழித்துத் தேர்தல் அதிகாரி ஜீப்பில் வந்து, தெருக்கோடியில் நின்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். இருமல்காரர். இருமலுக்கு நடுவே நிதானமாகப் பேசினார்.

"விளக்கின் பேரில் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. என் வீட்டில் விளக்கு எரிகிறது. ஆனால் நான் இந்த வட்டத்தின் நடுநிலைமைக்குப் பொறுப்பாளி. ஒரு பக்கம் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு பக்கம் குடையை விரிக்க விடுவது நியாயமாகாது. ஆகவே இன்று முதல் பொது இடங்களில் குடையும் பிடிக்கக் கூடாது."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தார்கள். திருவொற்றியூர் சாலையில் ஒரு வக்கீல் குமாஸ்தா, மறதியாக விரித்த குடைக்காக, ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வேண்டியிருந்தது. அவர் அண்ணாச்சிக்கு வேண்டியவர் என்று பிறகு தெரிந்தது. குடை கட்சிக்குப் பிரசாரம் செய்ததாகச் சொந்தக்காரர்களே அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் லாந்தரோடு மணல்வாயில் நிற்பதை அருள்பிரகாசத்தின் ஏஜெண்ட் கண்டுபிடித்து ஆட்சேபணை எழுப்பினார். தினம் சாயங்காலம் பெண்கள் கூட்டமாக விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். அதிகாரி மறுபடி ஜீப்பில் வந்தார்.

"இது எதற்காக?" என்று லாந்தரைக் காட்டிக் கேட்டார்.

"கட்டுமரம் வர்றதுக்கு சாமி. வெளிச்சம் இல்லாங்காட்டி கல்லுல மோதிடும்."

அவர் வெகுநேரம் யோசித்தார். உண்மையிலேயே எங்களுக்கு உதவி செய்ய விரும்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசியில் முகம் மலர்ந்தது. "லாந்தர் வைத்துக்கொள்ளலாம். அதைத் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். மூடிய விளக்கு ஆட்சேபணைக்கு உரியதல்ல."

"மூடிட்டா எப்புடித் தெரியும்?" என்றாள் குப்பம்மா.

"தெரியக் கூடாது என்பதுதானே அம்மா ஆட்சேபணையே."

நாங்கள் மூடிய லாந்தரோடு நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு ஏட்டையாவைக் காவல் போட்டார்கள். வயதானவர். மரம் நெருங்குகிற நேரம் பார்த்துச் சுருட்டுப் பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். நாங்கள் துணியை விலக்கிக் காட்டிவிட்டு மூடுவோம். அப்படித்தான் அந்த மாதம் ஓடியது. அதனால்தான் யாரும் சாகவில்லை.

அண்ணாச்சிக்கு இதில் சங்கடம் இருந்தது. தன் சின்னத்தினாலேயே ஊர் இருண்டு கிடக்கிறது என்று எதிர்க்கட்சி பேச ஆரம்பித்துவிட்டது. ஆகவே எங்கள் தெருவில் ஒரு கூட்டம் போட்டு அவர் அறிவித்தார். "சட்டம் என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் என் உள்ளத்தைக் கட்ட முடியாது. வருகிற எட்டாம் தேதி பொழுது சாய்ந்ததும் இந்தக் குப்பத்தில் இருட்டு இருக்காது. இது ராமசுப்புவின் வாக்கு."

அவர் சொன்னது, எட்டாம் தேதி நடக்கவிருந்த தமது விளக்குப் பொதுக்கூட்டத்தை. அனுமதி பெற்ற கூட்டத்தில் சின்னத்தைக் காட்டலாம் என்று விதி இருந்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு அது புரிந்தது, சிலர் காதிலேயே வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கம்பத்தில் பல்பு வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டார். "ஆர்டர ஒடைச்சிட்டாரு பாத்தியா," என்றார் என்னிடம்.

எட்டாம் தேதிக்கு வருகிறேன்.

கூட்டம் குப்பத்தை ஒட்டிய சந்தைத் தெருவில் நடப்பதாக இருந்தது. அங்கே மேடை போட்டால் வண்டிகள் போக முடியாது என்று போலீஸ் கடைசி நேரத்தில் சொல்லிவிட்டது. குணசேகரன் உயரமான இடம் தேடிக்கொண்டு கல்மேட்டுக்கு வந்தார். அதற்குள் மரங்கள் கடலில் இறங்கிவிட்டன. நான் குழாயடி வரிசையில் இருந்தேன். குடத்தோடு திரும்பியபோது பாறைகள் மேல் மேடை நின்றது. அதற்குப் பின்னால் உயர உயர மூங்கில் நட்டு, குத்துவிளக்கு உருவத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் காற்றடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கடலிலிருந்து பார்த்தாலும் நம் சின்னம் தெரியும்," என்று குணசேகரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

குப்பம்மா என் தோளைப் பிடித்தாள். "ஏ அங்கம்மா, அந்த எயவப் பாத்தியா?"

மேகம் போட்டிருந்ததால் மற்ற மரங்கள் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே மணல்வாயில் ஏறிவிட்டன. என் வீட்டுக்காரரின் மரம் ஒன்றுதான் வரவில்லை. கம்பத்தில் விளக்கு எரியும் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் அவசரப்படவில்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். குணசேகரன் மேடைப் படியில் நின்றிருந்தார்.

"ஐயா, வெளக்க அணைங்க. எங்க மரம் இன்னும் வர்ல."

"எந்த விளக்கை அம்மா?"

"எல்லாத்தையும். கொஞ்ச நேரம். மரம் ஏறினதும் நீங்க ஏத்திக்குங்க. இருட்டுல வர்றவரு இத்தக் கம்பத்து வெளக்குன்னு நெனச்சி நேரா இங்க வந்துடுவாரு. கீய எல்லாம் கல்லு ஐயா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் குடைக்காரரா?"

"எங்க வூட்ல குடையே கெடயாது."

"அம்மா, இத்தனை பேர் பார்க்கச் சின்னத்தை அணைத்தால் அபேட்சகர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று அர்த்தம் பண்ணுவார்கள். நாளைக்கே அருள்பிரகாசம் போஸ்டர் ஒட்டுவார்."

"அப்ப கடல் பக்கமா ஒரு படுதாவாச்சும் கட்டுங்க."

"மறைப்பதும் அணைப்பதும் ஒன்றுதான். தங்கள் அபிப்பிராயத்தைக் கேள்வி நேரத்தில் தெரிவிக்கலாம். சாக்கடை, குழாய், இடுகாடு மூன்றும் முடிந்ததும் விளக்குதான்."

அண்ணாச்சி மேடையில் சாக்கடையை முடித்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து மணல்வாய் வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் படியிலேயே நின்றேன். பார்வை கடலில் இருந்தது. வெளிச்சத்துக்குள் நின்று பார்ப்பதால் அந்தப் பக்கம் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. குழாய் வந்தது. குழாய்க்குப் பிறகு இடுகாடு.

"மூலக்கொத்தளத்தில் இடநெருக்கடி என்கிறார்கள்," என்றார் அண்ணாச்சி. "நான் கேட்கிறேன், இந்த வட்டத்தில் இடநெருக்கடி எங்கேதான் இல்லை? உயிரோடு இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா? செத்தவர்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள். அவர்கள் இதுவரை ஒரு புகார் கொடுத்ததில்லை."

கூட்டம் சிரித்தது. நான் மேடையில் ஏறிவிட்டேன்.

அண்ணாச்சிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "என்னத்தா, இப்பமா வருவ?"

"அண்ணாச்சி, உங்க கால்ல வியறேன். வெளக்க அணைக்கச் சொல்லுங்க. எம் புருசன் கடல்ல கீறாரு. இந்த வெளிச்சத்தப் பாத்துக் கல்லுக்கு வந்துடுவாரு."

அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்தது. அதை நான் பார்த்தேன். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் காத்திருந்தது. கையை மைக்கிலிருந்து எடுத்தார்.

"இதோ ஒரு சகோதரி," என்றார், மேடைக் குரலில். "இவர் கணவர் நடுக்கடலில் இருக்கிறார். அவர் கரை சேர விளக்கு வேண்டும் என்று என் காலில் விழுந்து கதறுகிறார்."

"வாணான்னு சொல்றேன் அண்ணாச்சி," என்றேன். மைக் அவர் பக்கம் இருந்தது.

"என் கொள்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குணசேகரா, இருக்கிற விளக்கையெல்லாம் ஏற்று. சகோதரியின் கணவர் வருகிற பக்கமாக வை."

உபரியாக வைத்திருந்த விளக்குகளையும் ஏற்றி, கடலைப் பார்த்த பாறை விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். அதோடு இறங்கி மணல்வாய்க்கு ஓடினேன்.

குப்பம்மா மூடிய லாந்தரோடு அங்கே நின்றிருந்தாள். நான் அதைப் பிடுங்கித் துணியை எறிந்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். அத்தனை பெட்ரோமாக்ஸுக்குப் பக்கத்தில் அது மின்மினி அளவுகூட இல்லை. ஏட்டையா ஓடிவந்தார்.

"மூடிக்கம்மா. மேல எயுதிப் போட்ருவாங்க."

நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் மேடையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சுருட்டுகூடப் பற்றவைக்கவில்லை.

குரலெடுத்துக் கூப்பிட்டேன். குப்பம்மாவும் கூப்பிட்டாள். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே ஒலிபெருக்கி, அபேட்சகர் இருட்டை ஏன் எதிர்க்கிறார் என்பதற்கு மூன்றாவது காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது மரம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. ரகுபதி பின்னால் குந்தித் துடுப்புப் போட்டான். என் வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டிக் கல்மேட்டைக் காட்டினார். மேடையில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். குணசேகரன் மைக்கை வாங்கினார்.

"அதோ பாருங்கள், பெரியோர்களே. மீனவத் தோழர்கள் நம் சின்னத்தை நாடி வருகிறார்கள்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் ஓர் அலை மரத்தைத் தூக்கிப் பாறையில் அடித்தது. கட்டு அறுந்து கட்டைகள் பிரிந்தன.

ரகுபதி தோள் எலும்பு முறிந்து பிழைத்தான். என் வீட்டுக்காரரை மறுநாள் காலையில் பாறை இடுக்கிலிருந்து எடுத்தார்கள். துடுப்புப் பிடியில் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

கூட்டத்தை நிறுத்தவில்லை. நன்றியுரையை மட்டும் சுருக்கிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்தார். நனைந்துகொண்டே வந்தார். யாரும் குடை விரிக்கவில்லை. மூலக்கொத்தளம் வரைக்கும் நடந்து, குழிக்குப் பக்கத்தில் நின்று, அழுதார். அங்கே வற்றல் மூட்டை எதுவும் இல்லை. பிறகு குணசேகரன் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். கடலில் இறப்பதை அவர் வன்மையாக எதிர்ப்பதாகவும், விளக்கைப் பற்றிய தமது அபிப்பிராயம் இந்தத் துயரத்தினால் மேலும் உறுதிப்பட்டிருப்பதாகவும் சொன்னார்.

ரகுபதிக்குக் கட்டுப் போட்ட பிறகு ஒரு நாள் அவனைக் கேட்டேன்.

"அவரு கடைசியா இன்னாடா சொன்னாரு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெளிச்சம் தெரிஞ்சதும் எயுந்து நின்னுட்டாரு அண்ணி. எடம் கொஞ்சம் தெக்கால கீதே அண்ணான்னேன். கேக்கல. 'அண்ணாச்சி சொன்ன சொல்லு தப்பல பாத்தியாடா. ஒரு வெளக்கு கேட்டோம், எத்தினி வெளக்கு போட்டுக்கீறாரு பாரு'ன்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு."

அந்த வட்டத்தில் அபேட்சகரின் அபிப்பிராயத்தை அப்படியே நம்பிய ஒரே வாக்காளர் என் வீட்டுக்காரர். அவர் வாக்குப் போட இருக்கவில்லை.

நான் போட்டேன். பள்ளிக்கூட அறையில் ஒரு தட்டிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் விளக்குப் படம், ஒன்றில் குடைப் படம். வெளியே அடைமழை, உள்ளே கும்மிருட்டு. வாக்குச் சாவடியில் விளக்கு ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கையால் தடவித்தான் பெட்டியைக் கண்டுபிடித்தோம். எதில் போட்டேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் இருமல்கார அதிகாரி. சொல்வதற்கு எனக்கே தெரியாது.

அண்ணாச்சி ஜெயித்தார். ஹுமாயூன் பாய் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே ஏணியோடு வந்தார். அதற்குள் அருள்பிரகாசம் வழக்குப் போட்டுவிட்டார். கடற்கரை விளக்குகளைக் காட்டி வாக்காளர்களை மயக்கியதாக வழக்கு. வழக்கு முடிகிற வரை அந்த இடத்தில் விளக்கு சம்பந்தமாக எந்த மாறுதலும் செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. பாய் பல்பை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்தது. அண்ணாச்சிக்கு மறுபடியும் விளக்குச் சின்னமே கிடைத்தது.

இப்போது அண்ணாச்சி இல்லை. பாயும் இல்லை. எங்கள் தெரு மூன்று தடவை பெயர் மாறிவிட்டது. கம்பம் அங்கேயேதான் இருக்கிறது, பல்பு இல்லாமல். கல்மேடும் அங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலம் நான் மணல்வாயில் லாந்தரோடு நிற்கும்போது, கல்மேட்டில் உட்கார்ந்து வலை பிரிக்கிறவர்கள் பேசுவது காதில் விழும். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் குரலைக்கூட உயர்த்த வேண்டாம். கூப்பிடு தூரம்தான்.